கழுத்து நரம்புகளும் வலி நீக்கும் ஊசியும்

பத்தாம் வகுப்பு மாணவி

நெடிய கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும், கழுத்தே தெரியாத எலிக்கும், நமக்கும் கழுத்தெலும்புகள் ஏழேதான். ஆனால் அங்கிருந்து புறப்படும் நரம்புகள் எட்டு ஜோடி. ஏழுக்கு எட்டு எப்படி வந்தது? முதல் நரம்பு மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் நடுவே வருகிறது. இப்படி ஒவ்வொன்றும் தன் எலும்பின் மேற்புறமாகவே வருவதால், ஏழாம் எலும்பின் கீழே ஒன்று மிஞ்சுகிறது. அதுவே எட்டாம் நரம்பு.

பொதுவாக ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தில் இரண்டு வேர்களாகக் கிளம்புகிறது. பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டு செல்லும். முன்வேர் தசைகளுக்குக் கட்டளையை வெளியே கொண்டுவரும். இரண்டும் ஒன்றுகூடி, எலும்பைக் கடந்ததும் முன்கிளை, பின்கிளை என்று மீண்டும் பிரியும். முன்கிளைகள் முக்கியமானவை. 3, 4, 5-ஆம் நரம்புகளின் முன்கிளைகளில் பிறக்கும் ஒரு நரம்பு மார்புக்குள் இறங்கி உதரவிதானத்தை அசைக்கிறது. 5 முதல் 8 வரையுள்ளவையும் முதல் மார்பு நரம்பும் பின்னிப் பிணைந்து கைக்குப் போகின்றன. நாம் பேனா பிடிப்பது இவற்றால்தான்.

பின்கிளை மெலிந்தது, பாடப்புத்தகங்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. அதன் உட்கிளை எலும்பின் பக்கவாட்டை ஒட்டி வளைந்து பின்னால் சென்று, ஆழத்திலுள்ள தசைகளுக்கும், எலும்போடு எலும்பு பின்புறம் பொருந்தும் சிறு மூட்டுகளுக்கும் உணர்ச்சி தருகிறது. 1982-இல் ஆஸ்திரேலிய உடற்கூற்று அறிஞர் நிகோலாய் போக்டுக் இக்கிளைகளின் பாதையை விளக்கமாக எழுதினார். 4, 5-ஆம் எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டுக்கு 4, 5-ஆம் நரம்புகளின் உட்கிளைகள் இரண்டும் வருகின்றன. ஆகவே ஒரு மூட்டின் வலியை அடக்க இரண்டு கிளைகளை மரக்கச் செய்ய வேண்டும்.

நம் ராதாபுரம் பக்கத்தில் இது வெறும் பாடமன்று. சுளகை மடியில் வைத்துப் பொழுதெல்லாம் குனிந்து பீடி சுற்றும் தாய்மார் எத்தனை பேர்! தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 27 கிலோ என்று 2014-இல் நியூயார்க் மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். அரை மூட்டை சிமெண்டுக்கும் மேல்!

எங்கள் தெருவில் பீடி சுற்றும் அத்தை ஒருவருக்கு மருத்துவர் இந்த ஊசியைச் சொன்னார். "கழுத்துல ஊசி போட்டா கை வெளங்காமப் போயிரும்லா?" என்று அத்தை பயந்தார். விரல் ஓடினால்தானே அவருக்குக் கூலி!

கைக்குப் போவது முன்கிளை. ஊசி தேடிப்போவது பின்கிளையின் உட்கிளையை. மருந்தும் அரை மில்லிக்கு மிகாது. ஆனால் அச்சம் முழுவதும் வீணென்றும் சொல்ல முடியாது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி ஒன்று கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே அருகில்தான் ஏறுகிறது. அதனால்தான் எக்ஸ்ரே திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். முடிதிருத்தும் கடைகளில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்!

இந்த ஊசி முதலில் ஒரு சோதனையே. சில மணி நேரம் வலி மறைந்தால் குற்றவாளி அந்த மூட்டுதான் என்று தெரியும். நம்பிக்கையாலேயே சிலருக்கு வலி குறைவதுண்டு. ஆகவே ஒருநாள் லிக்னோகெயின், மற்றொரு நாள் அதைவிட நீண்ட நேரம் மரக்கச் செய்யும் பூபிவக்கெயின் என்று இருமுறை போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டிலும் வலி நீங்கினால் அக்கிளையை மின் அலையால் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யலாம். 1996-இல் ஆஸ்திரேலியாவில் வாகன விபத்துக்குப்பின் கழுத்து வலியால் வாடிய 24 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்குப் பழைய வலியில் பாதி திரும்ப 263 நாட்கள் ஆயின. சூடேற்றாமல் பாவனை மட்டும் செய்தவர்களுக்கோ 8 நாட்களே. இவை நடுமதிப்புகள். நரம்பு மீண்டும் வளர்ந்துவிடுவதால் வலியும் திரும்புகிறது. அப்போது மறுபடி செய்யலாம்.

வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கினால், விரல் மரத்தால், பிடித்த பொருள் நழுவினால், அது நரம்பின் வேரே நசுங்குவதாக இருக்கலாம். அதற்கு இந்த ஊசி மருந்தாகாது; தாமதியாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அத்தைக்கு விரல் மரப்பு இல்லை. அதைத்தான் மருத்துவரும் முதலில் கேட்டாராம்.