ரெடிமேட் வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

"பதினைந்தே நாளில் வீடு ரெடி!" இப்படி ஒரு விளம்பரம் உங்க செல்போனுக்கும் வந்திருக்கும். சுவர், தளம், கூரை எல்லாம் தொழிற்சாலையில் தயாராகி, லாரியில் வந்து, உங்க மனையில் பொருத்தப்படும். இதுதான் ரெடிமேட் வீடு.

இது புதுசு இல்லை. அகதிகளுக்கு வீடு கட்ட, 1948-லேயே டெல்லியில் மத்திய அரசு இதற்கென ஒரு தொழிற்சாலை தொடங்கியது. சென்னை பெரும்பாக்கத்தில் 2022-ல் திறக்கப்பட்ட 1,152 குடியிருப்புகளும் முன்வார்ப்பு கான்கிரீட் முறையில் கட்டப்பட்டவைதான். இப்போது வேலைக்கு ஆள் கிடைப்பது சிரமமாக இருப்பதால், தனி வீடு கட்டுவோரும் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். நிறுவனங்களுக்குள் போட்டியும் கூடியிருக்கிறது.

விலை எப்படிக் குறையுது?

போட்டி நமக்கு நல்லதுதான். ஆனால் ஒருவர் சொல்லும் சதுர அடி விலையில் அஸ்திவாரமும் சேர்ந்திருக்கும்; இன்னொருவர் விலையில் இருக்காது. அதனால் ஒரே பட்டியலை எல்லோரிடமும் கொடுத்து, எழுத்தில் விலை கேளுங்க:

• அஸ்திவாரம், லாரி வாடகை, கிரேன் செலவு
• வயரிங், பிளம்பிங், செப்டிக் டேங்க்
• பேனலின் தடிமன், உள்ளே இருக்கும் பொருள். தெர்மோகோல் தீப்பற்றும், ராக்வுல் பற்றாது
• ஒழுகினாலோ துருப்பிடித்தாலோ எத்தனை வருஷம் வாரண்டி?

உங்க தெருவுக்குள் லாரியும் கிரேனும் வருமா என்பதையும் முன்னாடியே பார்த்துடுங்க.

"அப்ரூவல் வேண்டாம்" என்றால் நம்பாதீங்க

போல்ட் போட்டு நிறுத்தினாலும், குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டட அனுமதி வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவோருக்கு 2024 ஜூலை முதல் சுயசான்றிதழ் திட்டம் இருக்கிறது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்தால் உடனடி அனுமதி கிடைக்கும்.

பணம் கட்டும்போது

முழுத் தொகையையும் அட்வான்ஸாகக் கொடுக்காதீங்க. ஆர்டர், பொருள் வந்து இறங்குவது, பொருத்தி முடிப்பது, சாவி கைக்கு வருவது எனத் தவணையாகப் பிரித்து, ஒப்பந்தத்தில் எழுதிக்குங்க. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்க.

பிரச்சினை வந்தா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்க. தீராவிட்டால், செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நிறுவனம் வெளியூரில் இருந்தாலும், நீங்க வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வீடு பதினைந்து நாளில் வரட்டும். கையெழுத்து போடும் முன் நீங்க ஒரு வாரம் எடுத்துக்குங்க.