ராத்திரி வலிக்கு என்ன செய்வது?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு முழங்கை எலும்பு முறிந்து, கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து ராத்திரியில் அழுகிறான். என்ன செய்வது? - ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் அவன் விரல்களைப் பாருங்கள் அம்மா. வெளுத்தோ மரத்தோ போயிருந்தால், நீட்டிவிடும்போது அலறினால், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. அப்படி இல்லையென்றால், முதல் இரண்டு மூன்று நாள், அழுத பிறகு கொடுக்காமல் நேரம் பார்த்துப் பாராசிட்டமால் கொடுங்கள். வழக்கமாக எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். சிரப்புக்குச் சிரப்பு அடர்த்தி மாறும் என்பதால், எத்தனை மில்லி என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். கையைத் தலையணை மேல் நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். வீக்கம் வடிந்தாலே அழுகை குறையும். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது.