நாய் இறந்தபின் வரும் குற்ற உணர்ச்சியை விசாரிப்பது எப்படி?

நோயில் கிடந்த நாய் இறந்துபோன வீட்டுக்குள் இரண்டு துயரங்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று பிரிவு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிவர யாரும் இல்லை என்ற வெறுமை அது. அழுது, பேசி, நாள் போகப் போக அதன் கனம் குறையும். இன்னொன்று, “நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ” என்ற எண்ணம். இது அழுதால் தீராது. உணர்ச்சி போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒரு குற்றச்சாட்டு. அதை விசாரித்துத்தான் முடிக்க முடியும். “உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, விடு” என்று சுற்றியிருப்பவர்கள் அன்போடு சொல்வது பெரும்பாலும் பலிக்காததற்குக் காரணம் இதுதான். விசாரணையே இல்லாமல் தள்ளுபடியான வழக்கு, ராத்திரி தூக்கம் கலையும்போதெல்லாம் மறுபடி தொடங்கிவிடுகிறது.

ஆனால் முதல் சில நாட்களில் விசாரணை வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கும்போது மனம் நியாயம் பார்க்காது. அப்போது செய்ய வேண்டியவை கைவேலைகள் மட்டுமே. மீதி மாத்திரை, ஊசி, சலைன் பாட்டில்களை வேறொருவர் எடுத்து அப்புறப்படுத்தட்டும். ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, பில் எதையும் எறிந்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும். கழுத்துப்பட்டையையும் படுக்கையையும் எடுக்க அவசரமில்லை. ஒரு விதிவிலக்கு: இறந்தது பார்வோ நோயில் என்றால் தரையையும் பாத்திரங்களையும் பிளீச்சிங் கரைசலால் கழுவியே ஆக வேண்டும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெறிநோய் என்ற சந்தேகம் துளியாவது இருந்தால், கடிபட்டவர்களும், எச்சில் காயத்திலோ கண், வாயிலோ பட்டவர்களும் துக்கத்தை ஒதுக்கிவைத்து அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனம் கொஞ்சம் நிதானப்பட்டதும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் தேதிவாரியாக நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். வலப்பக்கம், அந்தத் தேதியில் அதற்கு நீங்கள் கொண்ட பொருளையும் செய்ததையும் எழுதுங்கள். பின்னால் தெரிந்த எதையும் இதில் கலக்கக் கூடாது. இந்த முறையின் முழுப் பலனும் அந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. வயதான நாய்களுக்கு அடிக்கடி வரும் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் நாய் வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறது. வெயில் காலம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். மே மாதம் தயிர்சாதத்தில் பாதியை மிச்சம் வைக்கிறது. வயதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஜூனில் வாந்தி எடுக்கிறது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். இறந்தபின் திரும்பிப் பார்த்தால் ஏப்ரல் மாதத் தண்ணீர்க் கிண்ணம் ஒரு எச்சரிக்கையாகத் தெரியும். உண்மையில், சிறுநீரகத் திசுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் அந்தத் தாகமே வெளியே தெரிகிறது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் உயர்வதற்கு முக்கால் பங்கு போயிருக்க வேண்டும். ஏப்ரலிலேயே ரத்தம் எடுத்திருந்தாலும் அறிக்கை சரியாக இருப்பதாகவே வந்திருக்கலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் உணவை மாற்றிச் சில காலம் கூடுதலாக வாழவைத்திருக்க முடியும்; கெட்டுப்போன திசுவை மீட்டிருக்க முடியாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலும் இப்படித்தான். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் உடம்புக்குள் இருந்துவிட்டு, பிறகு மூக்கில் ரத்தமாக வெளிப்படும்.

முடிவு தெரிந்தபின் பழைய அறிகுறிகள் பளிச்சென்று தெரிவதை உளவியல் சோதித்தே பார்த்திருக்கிறது. 1975இல் உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப், ஆங்கிலேயருக்கும் நேபாள கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய போர் பற்றிய ஒரு குறிப்பைப் பலரிடம் கொடுத்தார். நான்கு விதமாக அது முடிந்திருக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவை, இதுதான் நடந்தது என்று சொன்னார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவே அதிகம் எதிர்பார்த்திருக்கக் கூடியது என்று ஒவ்வொரு குழுவும் மதிப்பிட்டது. அந்தக் குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். “எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்” என்று உங்கள் மனம் சொல்லும்போது இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெளிவு மரணத்துக்குப் பின் வந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: உண்மையிலேயே தவறு செய்திருந்தால்? தடுப்பூசியைத் தள்ளிப்போட்டிருக்கலாம்; மருத்துவர் வேண்டாம் என்ற உணவைக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அது தாளில் தேதியோடு வந்துவிடும், வரட்டும். மறைத்தால் அது மற்ற நாட்களையும் தன் நிறத்துக்கு மாற்றிவிடும். ஒரு தவறைத் தேதியோடு எழுதினால் அதன் அளவு தெரியும்: பத்து வருட வளர்ப்பில் அது ஒரு முடிவு. அதற்குப் பரிகாரம் உங்களைத் தண்டித்துக்கொள்வதில் இல்லை, செயலில் இருக்கிறது. தெருவில் நீங்கள் சோறு வைக்கும் குட்டிகளுக்குத் தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். பணமில்லாததை மட்டும் தவறுகளின் வரிசையில் சேர்க்காதீர்கள். வாரக்கணக்கில் ட்ரிப் ஏற்றவும் ஸ்கேன் எடுக்கவும் ஆகும் தொகையை, வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டும் வீடு ஓர் எல்லைக்கு மேல் தாங்காது. அந்த எல்லையை அன்பின் அளவாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களை “அவசரப்பட்டுட்டோமோ” என்பதும், சம்மதிக்காதவர்களை “வலியில் விட்டுட்டோமோ” என்பதும் துளைக்கும். எந்தப் பக்கம் போனாலும் குற்ற உணர்ச்சி வருகிறது என்பதே, அதை முடிவின் தவறுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்று காட்டுகிறது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் இங்கே உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கை ஏற்கத்தக்கது. கடைசி வாரத்துக்கு, வீட்டில் இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஊசி போட்டபின் கண் மூடாமலே இருந்ததும், ஒரு மூச்சு இழுத்ததும் பலரைத் துன்புறுத்தும் காட்சிகள். அந்த ஊசி அளவு மீறிய மயக்கமருந்து. நினைவு போன பிறகே இதயம் நிற்கிறது. பிறகு வரும் மூச்சும் தசைத் துடிப்பும் உடம்பின் தன்னிச்சையான அசைவுகள், வலியின் அடையாளமல்ல. நாயின் கண்கள் இறந்தபின் தானாக மூடுவதில்லை.

“ஒரு நாய்க்காகவா இவ்வளவு?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத துயரம் எப்படி உள்ளுக்குள்ளேயே புண்ணாகிறது என்பதை 1989இல் துயர ஆய்வாளர் கென்னத் டோகா ஒரு நூலாகவே ஆராய்ந்தார். நாயை மதித்து நினைவுகூர்வது நம் மண்ணுக்கும் புதிதில்லை. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் அது செய்த காவலும் கல்வெட்டிலேயே இருக்கின்றன. இந்தக் கேள்வி கேட்பவர்களிடம் வாதாட வேண்டாம். தாளைக் காட்டிப் பேச, நாய் வளர்க்கும் ஒருவர் போதும். குழந்தைகளிடம் “தூங்குது”, “ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்லாமல், இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். காரணம் தெரியாத குழந்தை தன் குறும்புதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளக் கூடும்.

இத்தனைக்கும் பிறகு வாரக்கணக்கில் வேலை ஓடாமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால் தனியாகச் சுமக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். நாய்க்காக அழுகிறேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம். வீட்டில் இன்னொரு நாய் இருந்து அதற்கு ஏழு வயது தாண்டியிருந்தால், தாளை மடித்து வைத்த கையோடு மருத்துவரிடம் நாள் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தையும், கூடவே சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரின் அடர்த்தி குறைவது கிரியாட்டினின் உயர்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.