ஒன்பது நாற்காலிகளும் 2,698 கோடி மீன்களும்

டிசம்பர் முதல் தேதி. நம் நாட்டுக் கடிகாரத்தில் காலை மணி 10.30. அதே நொடியில் நியூயார்க்கில் நள்ளிரவு 12. லண்டனில் விடியற்காலை 5. கலிபோர்னியாவில் முந்திய நாள் இரவு 9. அந்த நொடியில் உலகின் பல மூலைகளிலும் பல்லாயிரம் பேர் ஒரே புதிரைப் படிக்கத் தொடங்குகிறார்கள். 2015 முதல் ஆண்டுதோறும் இது நடந்து வருகிறது. இதற்கு 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்று பெயர்.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் மேலை நாடுகளில் குழந்தைகளுக்கு ஓர் அட்டை நாட்காட்டி வாங்கித் தருவார்கள். அதில் தேதிக்கு ஒரு சிறு கதவு இருக்கும். நாளுக்கு ஒரு கதவாகத் திறந்தால் உள்ளே ஒரு படமோ மிட்டாயோ கிடைக்கும். எரிக் வாஸ்டல் என்ற அமெரிக்க நிரலர் மிட்டாய் இருந்த இடத்தில் கணிப்பொறிப் புதிரை வைத்தார். 2024 வரை நாளுக்கு ஒன்றாக 25 புதிர்கள் வந்தன. ஓய்வு நேரத்தில் ஒருவர் சுமக்கும் வேலைக்கு அது அதிகம் என்பதால், 2025-இல் எண்ணிக்கை 12 ஆகக் குறைந்தது.

ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதிக்குச் சரியான விடை தந்த பிறகே இரண்டாம் பகுதி கண்ணுக்குத் தெரியும். எந்தக் கணிப்பொறி மொழியையும் பயன்படுத்தலாம். காகிதமும் பென்சிலுமே போதும் என்றால் அதற்கும் தடையில்லை. கடைசியில் வரும் விடையை மட்டுமே கேட்பார்கள். அடுத்த பெஞ்சைப் பார்த்து விடை எழுதும் வித்தை இங்கே செல்லாது. கதை எல்லாருக்கும் ஒன்றுதான், கணக்குக்கான எண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். அடுத்தவரிடமிருந்து வழியைக் கற்றுக்கொள்ளலாமே ஒழிய விடையை எடுக்க முடியாது. இந்த ஏற்பாட்டின் பயனை ஒரு புதிரைக் கொண்டே பார்ப்போம்.

2021-ஆம் ஆண்டின் ஆறாம் நாள் புதிர் விளக்கு மீன்களைப் பற்றியது. இவை ஆழ்கடலில் உடல் ஒளிர வாழும் சிறு மீன்கள். (புதிரில் வரும் இனப்பெருக்க விதி கற்பனையே. விலங்கியல் ஆசிரியரிடம் இதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.) ஒவ்வொரு மீனுக்குள்ளும் நாள் எண்ணும் ஒரு கடிகாரம் இருப்பதாகக் கொள்க. நாளுக்கு ஒன்றாக அதன் எண் குறையும். எண் 0 ஆக இருக்கும் மீன், மறுநாள் ஒரு குஞ்சு ஈன்று மீண்டும் 6-இலிருந்து எண்ணத் தொடங்கும். குஞ்சு முதல் தடவை மட்டும் 8-இலிருந்து தொடங்கும்.

தொடக்கத்தில் 3, 4, 3, 1, 2 என்று ஐந்து மீன்கள். முதல் நாள் முடிவில் அவை 2, 3, 2, 0, 1 ஆகும். இரண்டாம் நாள் 1, 2, 1, 6, 0 ஆகி, புதிய குஞ்சு ஒன்று 8 என்று வந்து சேர, மொத்தம் ஆறு. இப்படியே 18 நாளில் 26 மீன்கள். 80 நாளில் 5,934 மீன்கள். இது முதற்பகுதி. 256 நாள் கழித்து எத்தனை மீன்கள் என்பது இரண்டாம் பகுதி. வேறு மாற்றம் ஏதுமில்லை.

என் மாணவர் ஒருவரிடம் இந்தப் புதிரைக் கொடுத்தேன். மீனுக்கு ஓர் எண்ணாகப் பட்டியலிட்டு, நாள்தோறும் ஒவ்வொன்றையும் குறைத்து, குஞ்சுகளைக் கடைசியில் சேர்த்து ஒழுங்காக நிரல் எழுதினார். 80 நாளுக்குக் கண் இமைக்கும் முன் விடை வந்தது. 256 என்று மாற்றினார். இருநூறாவது நாளைத் தொடும் முன்பே கணிப்பொறி அசைய மறுத்துவிட்டது. "நிரலில் பிழை இருக்கிறது, சார்" என்றார். பிழை ஏதும் இல்லை. விடை 26,98,44,57,539. மீனுக்கு ஒரு பைட் என்று சிக்கனமாக வைத்தாலும் 27 கிகாபைட் நினைவகம் வேண்டும்!

இவ்வளவு விரைவாக வளருமா என்ற ஐயம் எழலாம். கதிரியக்கத்தில் அரை ஆயுள் படித்திருப்பீர்கள். இங்கே அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். இந்த மீன் கூட்டம் ஏறக்குறைய 8 நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. 80-க்கும் 256-க்கும் இடையே 176 நாள், அதாவது 22 இரட்டிப்புகள். இரண்டின் 22-ஆம் அடுக்கு 41,94,304. அதை 5,934 ஆல் பெருக்கினால் சுமார் 2,489 கோடி வருகிறது. உண்மை விடையோ 2,698 கோடி. விரல்விட்டுப் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை.

இனி, தீர்த்தவர்கள் வெளியிட்ட வழிகளுக்கு வருவோம். புதிரை முடித்தவர்கள் தாங்கள் சென்ற வழியை ஒருவருக்கொருவர் காட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தப் போட்டியின் வழக்கம். பெரும்பாலோர் ஒரு சங்கதியைக் கவனித்திருந்தார்கள். கடிகார எண் 3 உள்ள மீன்கள் இரண்டு இருந்தால், அவ்விரண்டுக்கும் எதிர்காலம் ஒன்றே. அப்படியிருக்க இரண்டையும் தனித்தனியே ஏன் தொடர வேண்டும்? கடிகார எண் 0 முதல் 8 வரை ஒன்பது வகைதான் உண்டு. வகைக்கு எத்தனை மீன் என்று ஒன்பது எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இயற்பியல் படிப்பவர்க்கு இது பழகிய பாதை. 0 டிகிரி செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2.69 × 10²² மூலக்கூறுகள் உள்ளன. (மீன் விடையின் முன்னிலக்கங்களோடு இது ஒத்திருப்பது தற்செயலே.) ஒவ்வொன்றையும் யாரால் தொடர முடியும்? 1860-இல் மேக்ஸ்வெல் அந்த ஆசையை விட்டுவிட்டு, இன்ன வேகத்தில் எத்தனை விழுக்காடு மூலக்கூறுகள் என்று கேட்டார். வாயுக்களின் இயக்கவியல் அந்தக் கேள்வியால் வளர்ந்தது. மீன் புதிரைத் தீர்த்த பலரும் மேக்ஸ்வெல்லை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே திருப்பத்தில்தான் திரும்பினார்கள்.

சிலர் மேலும் ஒரு படி போனார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நாள்தோறும் ஒன்பது எண்களையும் ஒவ்வோர் இடம் நகர்த்துவானேன்? எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்; சுட்டும் விரல் நகரட்டும். வட்டமாக 0 முதல் 8 வரை ஒன்பது நாற்காலிகளைப் போடுங்கள். 1-இல் ஒரு மீன், 2-இல் ஒன்று, 3-இல் இரண்டு, 4-இல் ஒன்று, மற்றவை காலி. விரலை 0-இல் வையுங்கள். விரல் சுட்டும் நாற்காலியில் உள்ள எண்ணை, இரண்டு நாற்காலி பின்னால் உள்ள எண்ணோடு கூட்டுங்கள். சுட்டிய எண்ணை அழிக்க வேண்டாம். பிறகு விரலை ஓர் இடம் முன்னே நகர்த்துங்கள். ஒரு நாள் முடிந்தது.

செய்து பாருங்கள். முதல் நாள் 0 காலி, கூட்ட ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் 1-இல் உள்ள ஒன்றை 8-இல் சேர்க்க, மொத்தம் 6. மூன்றாம் நாள் 2-இல் உள்ள ஒன்று 0-க்குப் போக, மொத்தம் 7. நான்காம் நாள் 3-இல் உள்ள இரண்டு 1-க்குப் போக, மொத்தம் 9. இது ஏன் சரியாக வருகிறது? தாய் மீன்கள் இரண்டு இடம் பின்னே போய் அமர்கின்றன. விரல் சுற்றி வந்து அவற்றை மீண்டும் தொட ஏழு நாள் ஆகும். அவை விட்டுச் சென்ற நாற்காலியில் அதே எண்ணிக்கையில் குஞ்சுகள் அமர்கின்றன. அவற்றைத் தொட ஒன்பது நாள் ஆகும். எனவே 256 நாளுக்கு வெறும் 256 கூட்டல்கள் போதும். பொறுமை இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் கையாலேயே முடித்துவிடலாம்! அணிகள் தெரிந்தவர்கள், ஒன்பதுக்கு ஒன்பது அணி ஒன்றை எழுதி, 256 என்பது 2⁸ ஆதலால், அதை எட்டே முறை வர்க்கப்படுத்தி விடையைப் பெற்றார்கள்.

விடை ஒருவர் மனத்திலேயே தங்கியிருந்தால் நாற்காலி முறையை நானும் அறிந்திருக்க மாட்டேன். எனக்கும் ஒன்பது பெட்டிகள் வரைதான் தோன்றிற்று.

இதே போட்டியில் 2024 வரை வேறொரு பக்கமும் இருந்தது. ஒவ்வொரு பகுதியையும் முதலில் முடித்த நூறு பேருக்கு 100 முதல் 1 வரை புள்ளிகள் தந்து, உலகப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு வந்தார்கள். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்த அளவீட்டில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஒருவருக்கு இரவு உணவுக்குப் பிந்தைய நேரம்; மற்றொருவருக்குத் தூக்கம் கலையாத விடியல்; நம் மாணவருக்கு வகுப்பு நேரம். 2024-இலோ, புதிரைப் படித்து முடிக்கவே போதாத சில நொடிகளில் விடைகள் வந்தன. செயற்கை நுண்ணறிவிடம் புதிரை அப்படியே ஊட்டி வாங்கிய விடைகள் அவை. பட்டியலுக்காகப் போட்டியின் கணிப்பொறிகளைத் தாக்கித் திணறடித்தவர்களும் இருந்தார்கள். தம் நேரத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, தமக்குத் திறமை இல்லை என்று தவறாக முடிவு கட்டியவர்களோ இன்னும் பலர். 2025-இல் வாஸ்டல் உலகப் பட்டியலை எடுத்துவிட்டார். நண்பர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் சிறு பட்டியல்கள் மட்டும் தொடர்கின்றன. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தீர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு அவர் தரும் பதில் வேடிக்கையானது: உங்களுக்குப் பதிலாக நண்பரை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பினால் உங்கள் உடம்பு தேறுமா என்று திருப்பிக் கேட்கிறார்.

பட்டியலை இன்னும் சில ஆண்டுகள் முன்பே எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கணக்கு நோட்டில் ஒன்பது நாற்காலிகளை வரைந்து 18 நாள் நடத்திப் பாருங்கள்; மொத்தம் 26 வர வேண்டும். வந்துவிட்டால் விதியைச் சற்று மாற்றுங்கள். குஞ்சும் தாயைப் போலவே 6-இலிருந்து தொடங்கும் என்று வைத்தால் எத்தனை நாற்காலிகள் போதும்? கூட்டம் எத்தனை நாளில் இரட்டிக்கும்?