கையில் உள்ள தொழிலோடு ஊர் திரும்புதல்: பழைய காரின் மட்காட்டை ஒட்டி முடித்தல்

கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் இருந்த காலத்தில், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கராஜ்களில் வேலைக்குப் போயிருப்பார்கள். சம்பளம் கொஞ்சமாக இருந்திருக்கலாம். ஆனால் அங்கே பழகிய வேலை பெரிது. ஊருக்குப் போகும் லொறியில் கட்டிலும் பாத்திரமும் ஏறும்போது, அந்தத் தொழிலும் உங்களோடு வரவேண்டும். அதற்கு உதவவே இந்தப் பாடம்.

இதை எழுதும் நான் கலைப்பிரிவில் படித்தவள். வேலை செய்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, கேட்டு எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே டிங்கரிங் பழகியவர்கள் இதை ஒரு நினைவூட்டலாக வாசியுங்கள். புதியவர்கள் இதை மட்டும் வாசித்துவிட்டு வேலையில் இறங்க வேண்டாம். பழகிய ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

ஏன் இந்த வேலை?

கொழும்பில் எம்.ஜி. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்கு அகலமான ரயர் பூட்டினால், திரும்பும்போது ரயர் மட்காட்டில் உரசும். அப்போது மட்காட்டின் வளைவை வெட்டி, வெளிப்புறமாக அகன்ற இரும்புத் தகட்டு விளிம்பு ஒன்றை ஒட்டுவார்கள். வேலைத்தலங்களில் இதைப் ‘பிளேர்’ என்பார்கள்.

ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஒஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் கார்கள் இருக்கின்றன. ஏ-40 சொமர்செட் 1952 முதல் 1954 வரைதான் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் ஆட்கள் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் வராதபோது கையால் செய்து பூட்டினார்கள். இலங்கையில் கையால் செய்த மொரிஸ் மைனர் உடற்பாகங்கள் பின்னாளில் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின.

இந்தக் கார்களில் முதலில் துருப்பிடிப்பது சில்லு வளைவுதான். சேறும் தண்ணீரும் அங்கேதான் தங்கும். பிளேர் வைப்பதற்கும் துருவை வெட்டிப் புதிய தகடு வைப்பதற்கும் வேலை ஒன்றுதான்: அளத்தல், வெட்டுதல், வளைத்தல், ஒட்டுதல், தேய்த்து முடித்தல். அதே கைவேலை ட்ராக்டர் மட்காட்டுக்கும் வானின் கதவுக்கும் உதவும்.

நெருப்பு மூட்டுமுன்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் வாசியுங்கள்.

1. 1990 இலோ 1995 இலோ வெளிக்கிட்டபோது வளவில் விட்டு வந்த கார் இப்போது பற்றைக்குள் கிடக்கலாம். மிதிவெடி அகற்றுவோர் சோதித்து விடுவிக்காத நிலத்தில் அதை இழுக்கவோ திறக்கவோ வேண்டாம். அடையாளம் தெரியாத இரும்பைப் பழைய இரும்பென்று எண்ணி வெட்டவோ சூடாக்கவோ வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

2. பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வையுங்கள். வெறும் தாங்கிதானே என்று நினைக்காதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். எண்ணெய் இருந்த பீப்பாய்க்கும் இது பொருந்தும்.

3. பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். மட்காட்டின் அடியில் பூசியிருக்கும் தாரைச் சுரண்டி எடுங்கள், அது எரியும். உட்பக்கத் துணி, ரப்பர், வயர் எல்லாவற்றையும் விலக்குங்கள். ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து அரை மணித்தியாலமாவது காரைத் தனியே விட்டுப் போகவேண்டாம்.

4. வெல்டிங் ஒளியைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது. பார்த்த உடனே ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலங்களின் பின் கண்ணில் மணல் விழுந்ததுபோல் வலிக்கும். அப்படியானால் கண்ணைக் கசக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

5. கூரைத் தகரத்தை வெட்டி மட்காட்டில் ஒட்ட வேண்டாம். அதில் நாகம் பூசப்பட்டிருக்கிறது. சூட்டில் வரும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

அளத்தலும் வெட்டுதலும்

புதிய சில்லைப் பூட்டி, காரைத் தரையில் நிறுத்தி அளவு எடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஆட்கள் ஏறினால் கார் எவ்வளவு இறங்கும் என்பதையும் பாருங்கள். நேராக நிற்கும்போது உரசாத ரயர், பள்ளத்தில் விழும்போது உரசும்.

தடித்த காட்போட்டில் அச்சு வெட்டுங்கள். அதே அச்சைத் திருப்பி மற்றப் பக்கத்துக்கும் பயன்படுத்தினால் இரு பக்கமும் ஒத்து வரும். கோட்டைச் சில்லின் நடுவிலிருந்து அளந்து போடுங்கள். கண்மதிப்பில் போட்டால் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும்.

மட்காட்டில் வெளித்தகடும் உட்தகடும் என இரண்டு உண்டு. வெளித்தகட்டைக் கோட்டில் வெட்டுங்கள். உட்தகட்டை வெட்டி எறிய வேண்டாம். அதில் சிறு சிறு கீறல்கள் வெட்டி, ஒவ்வொரு நாக்காக வெளியே மடித்துப் புதிய விளிம்போடு சேர்க்க வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் சேறு உள்ளே போகும். ஒரு மாரி கழிய உங்கள் வேலை துருவாகக் கொட்டும்.

வளைத்தல்

சுமார் 1 மி.மீ. தடிப்புள்ள சாதாரண உருக்குத் தகடு போதும். முதலில் 6 மி.மீ. கம்பியை வளைத்து, விளிம்பின் வெளிக்கோடாகச் சில இடங்களில் பொட்டு வைத்து நிறுத்துங்கள். சில நடை தள்ளி நின்று பாருங்கள். கம்பியின் கோடு பிடித்தால்தான் தகடு வெட்டவேண்டும். பிறகு தகட்டைச் சிறு துண்டுகளாக, மண் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டி வளையுங்கள். ஒரே நீளத் துண்டை வளைக்க முயன்றால் சுருக்கம் விழும்.

ஒட்டுதல்

மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங் நல்லது. 0.6 மி.மீ. கம்பியும் ஆகன், காபனீரொட்சைட்டுக் கலவை வாயுவும் பயன்படுத்துவார்கள். காஸ் வெல்டிங்கிலும் செய்யலாம், ஆனால் சூடு பரவித் தகடு அதிகம் நெளியும். கேற் ஒட்டும் சாதாரண ஆர்க் வெல்டிங் இதற்குச் சரிவராது, தகட்டைத் துளைத்துவிடும்.

தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல், விளிம்போடு விளிம்பு முட்ட வையுங்கள். ஏற்றி ஒட்டினால் இடையில் தண்ணீர் நிற்கும். ஒட்டும் இடத்தில் வர்ணமும் துருவும் இல்லாமல் உலோகம் மின்ன வேண்டும்.

முதலில் 3 செ.மீ. இடைவெளியில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஒரு முனையில் ஒன்று, மறு முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த சுற்று. இப்படியே பொட்டுகளுக்கு நடுவே பொட்டு வைத்துக் கோட்டை நிரப்புங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்று ஒரே இழுப்பில் ஒட்டினால் தகடு அலை அலையாக நெளியும். அதை நிமிர்த்த ஒட்டியதைவிடக் கூட நேரம் போகும்.

முடித்தல்

கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்த வேண்டாம். ஒட்டு மட்டமானதும் நிறுத்துங்கள். பள்ளம் மேட்டை அடியில் இரும்புக் கட்டை பிடித்துச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யுங்கள். புட்டி 3 மி.மீ. தடிப்பைத் தாண்டக் கூடாது. புட்டியால் உருவம் செய்தால் வெடித்து விழும்.

80 ஆம் இலக்கத் தாளால் தொடங்கி 180 ஆல் தேயுங்கள். புட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்க வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைக்கும். பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு 400 ஆம், 800 ஆம் இலக்கத் தாள்களைத் தண்ணீரோடு பயன்படுத்தலாம்.

கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தை மறக்காதீர்கள். எரிந்த வர்ணத்தைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பொருத்துகளுக்குச் சீலர் பூசி, அதன் மேல் அடிப்பூச்சுப் பூசுங்கள். கல்கிசையிலும் யாழ்ப்பாணத்திலும் வீசுவது உப்புக் காற்று. உங்கள் பெயர் நிலைப்பது இந்த உட்பக்கத்தில்தான்.

போகுமுன் செய்யவேண்டியது

கராஜில் பழகிய வேலைக்கு எழுத்தில் சான்று இல்லை என்று கவலைப்பட வேண்டாம். முன் அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரியுங்கள். முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகள், கல்கிசைப் பக்கம் காலி வீதியில் உள்ள ‘ஜேர்மன் டெக்’ எனப்படும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கலாம். வேலை செய்த முதலாளியிடம், என்ன வேலை எத்தனை வருடம் செய்தீர்கள் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். செய்த வேலைகளின் படங்களையும் சேர்த்து வையுங்கள்.

ஒருவரின் காரின் உருவத்தை மாற்றுமுன், அதற்கு அனுமதி தேவையா என மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

- வெறும் பெற்றோல் தாங்கி ஏன் ஆபத்தானது?
- உட்தகட்டை ஏன் மடித்து ஒட்டவேண்டும்?
- பொட்டுகளை ஏன் மாற்றி மாற்றி வைக்கிறோம்?
- என் அனுபவத்தைக் காட்ட என்னிடம் எந்தக் கடிதம் உண்டு?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், லொறி ஏறுமுன் அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.