ஹோமில் போட்டுவிடுவார்களா?

காமராஜர் சாலையில் சாரம் பக்கம் டீக்கடைக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கும் துணிக்கடைக்கும் பஞ்சமில்லை. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு விழுப்புரத்திலோ கடலூரிலோ பஸ் ஏறிய பதினைந்து வயதுப் பையன் புதுச்சேரியில் இறங்கி நடந்தால், கடைசியில் வந்து நிற்பது இப்படி ஏதாவது ஒரு கடை வாசலில்தான். "அண்ணே, வேலை ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்பான். அதற்கப்புறம் அவன் கதி என்ன என்பதை முடிவு செய்வது சுற்றி நிற்கும் பெரியவர்களின் நம்பிக்கைகள். அவற்றில் பாதி தப்பு.

"ரெண்டு நாள் பசிச்சா தானா வீட்டுக்குப் போயிடுவான்."

சிலர் போகிறார்கள். போகாதவர்களின் கணக்கைப் பாருங்கள். 2018 முதல் 2024 மே வரை ரயில்களிலும் ரயில் நிலையங்களிலும் மட்டும் ரயில்வே பாதுகாப்புப் படை மீட்ட பிள்ளைகள் 84,000-க்கும் மேல். 2018-இல் மீட்கப்பட்ட 17,112 பேரில் 13,187 பேர் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். குடித்துவிட்டு அடிக்கிற அப்பாவுக்கோ, பதினாறு வயதில் நிச்சயம் செய்த கல்யாணத்துக்கோ பயந்து கிளம்பிய பிள்ளைக்கு வீடுதான் ஆபத்து. பசியைக் காட்டி அங்கேயே திருப்பி அனுப்புவதைப் புத்தி சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம்.

"கடையிலேயே படுத்துக்கச் சொன்னேன், சோறு போட்டேன். இதுல என்ன தப்பு?"

சோறு போட்டதில் தப்பே இல்லை. யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டதில்தான் தப்பு. வழி தவறியோ, கைவிடப்பட்டோ, ஆதரவற்றோ வந்ததாகத் தெரிகிற பிள்ளை கைக்கு வந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இவன் கைவிடப்பட்டவனா, கோபித்துக்கொண்டு வந்தவனா என்று தரம் பிரிப்பது கடைக்காரர் வேலையில்லை. "பதினாலு தாண்டிட்டான், வேலைக்கு வெச்சுக்கலாம்" என்பது இன்னொரு சால்ஜாப்பு. அபாயமில்லாத தொழில் என்றால் அந்த வயதில் வேலை செய்யத் தடையில்லை என்பது நிஜம். ஆனால் ஓடி வந்தவன் பதினேழு வயதானாலும் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைதான். கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை வாங்கினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

நல்ல மனசுக்காரர் வீட்டில் தங்க வைப்பது உலகத்தில் இல்லாததல்ல. பிரிட்டனில் 'நைட்ஸ்டாப்' என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. பதினாறு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரையுள்ள, தங்க இடமில்லாத இளைஞர்களுக்குத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறை தருகிறார்கள். அங்கே வீட்டுக்காரரின் பின்னணியை முன்கூட்டியே விசாரிக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஓர் அமைப்புக்குத் தெரியும். கடைப் பரணில் படுத்திருப்பவனைப் பற்றி யாருக்குத் தெரியும்?

"போலீஸ், கோர்ட்டுன்னு யார் அலையறது?"

குழந்தைகள் நலக் குழு நீதிமன்றம் போலத் தோன்றக்கூடாது என்பதே விதி. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் பிள்ளையோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். குழு கூடாத நாளில் தனி உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தினாலும் போதும். போலீஸ்தான் அழைத்துப் போக வேண்டும் என்றில்லை. டாக்டர், நர்ஸ், சமூக அக்கறையுள்ள யாரும் கூட்டிப் போகலாம். பிள்ளை தானே போயும் நிற்கலாம். இதை நம் பள்ளிக்கூடங்களில் யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

"ஹோமில் போட்டா பதினெட்டு வயசு வரைக்கும் வெளியே விட மாட்டாங்க."

அடங்காத பிள்ளையிடம் "ஹோம்ல சேத்துடுவேன்" என்று நாமே மிரட்டி மிரட்டி வளர்த்த பயம் இது. குற்ற வழக்கில் சிக்கிய சிறாருக்கான கூர்நோக்கு இல்லம் வேறு. தெருவில் நிற்கிற பிள்ளைக்குக் குறுகிய காலம் தங்க இடம் தரும் திறந்தவெளிப் புகலிடம் வேறு. அங்கே குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஆலோசகரிடம் வாய் திறக்கச் சில நாள் கிடைக்கிறது. அதற்குள் குடும்பத்தைப் பற்றிய விசாரணை நடக்கும். 15 நாளில் விசாரணை அறிக்கை, நான்கு மாதத்துக்குள் இறுதி முடிவு என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. இல்லத்தில் வைப்பது கடைசி வழி. முடிந்தால் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் முதல் நோக்கம்.

"காப்பகத்துல என்னென்ன நடக்குதுன்னு தெரியாதா?"

இந்தப் பயத்தை மட்டும் மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்கு வடக்கே இருக்கும் மாமல்லபுரத்துக் காப்பகங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றி 2007-இல் பத்திரிகையில் வந்த செய்தியை வைத்து ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அது வழக்காகி, 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தை இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பதிவு மட்டும் காப்பாற்றிவிடாது. பீகாரில் முசாஃபர்பூர் இல்லம் அரசுப் பணத்தில் நடந்ததுதான். டாட்டா சமூக அறிவியல் கழகத்தார் உள்ளே போய்ச் சமூகத் தணிக்கை செய்ததால்தான் சிறுமிகளுக்கு நடந்தது 2018-இல் வெளியே வந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: பதிவு உண்டா, பிள்ளையை அனுப்பிய நலக் குழுவின் உத்தரவு எங்கே, கடைசியாக ஆய்வுக் குழு வந்தது எப்போது?

"பதினெட்டு ஆயிடுச்சுல்ல, இனி அவன் பாடு."

இல்லத்தில் வளர்ந்து பதினெட்டில் வெளியேறுகிறவருக்கு 21 வயது வரையிலும், தேவைப்பட்டால் அதற்கு மேலும் பின்காப்பு உதவி உண்டு. பதினைந்திலிருந்து கடைப் பரணில் படுத்துக் கிடந்தவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அவனுக்கு மிஞ்சுவது பெரியவர்களுக்கான இரவுத் தங்குமிடத்தில் ஒரு பாய், அதுவும் இடமிருந்தால்.