வில்லுப்பாட்டு கலைஞருக்கு அமெரிக்க விசா: திறமையோட ஆதாரமும் வேணும்

தென்காசி பக்கம் கோயில் கொடையிலும் குற்றாலம் சாரல் விழாவிலும் வில்லுப்பாட்டு பாடுற ஒருத்தர் அமெரிக்கத் தமிழ்ச் சங்க மேடையில் பாட முடியுமா? முடியும். அதுக்கு 2 விசா இருக்கு.

ஓ-1பி: கலையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு. கிராமி மாதிரி பெரிய விருது இல்லைன்னா, 6 வகை ஆதாரத்தில் குறைந்தது 3 காட்டணும். முக்கிய நிகழ்ச்சியில் முதன்மைப் பங்கு, பத்திரிகை விமர்சனம், நிபுணர்களின் அங்கீகாரம், அதிக சம்பளம் போன்றவை அதில் வரும். முதல் தடவை 3 வருஷம் வரை.

பி-3: பாரம்பரியக் கலைக்கு. நம்ம ஆட்களுக்குப் பெரும்பாலும் பொருந்துறது இதுதான். உலகப் புகழ் தேவையில்லை. கலையின் தனித்தன்மையைச் சொல்லும் நிபுணர் கடிதமோ பத்திரிகைச் செய்தியோ வேணும். அங்கே நடத்துற நிகழ்ச்சிகள் எல்லாமே அந்தக் கலை சார்ந்ததா இருக்கணும். குழுவாகவும் போகலாம், 1 வருஷம் வரை.

இப்போ பணக் கணக்கு. கொடையில் சம்பளத்தை ரொக்கமா வாங்கினா, பிறகு காட்ட ஆதாரம் இருக்காது. இனிமே எழுத்துல ஒப்பந்தம் போடுங்க, பேங்க் அக்கவுண்ட்ல வாங்குங்க. விழா நோட்டீஸ், பேப்பர் கட்டிங் எல்லாத்தையும் தேதியோட ஃபைல் பண்ணுங்க. தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை: ஐ-129 மனுவை கலைஞரே போட முடியாது. அமெரிக்காவில் இருக்கிற அமைப்போ ஏஜென்டோதான் போடணும். "விசா வாங்கித் தர்றேன்"னு யாராவது அட்வான்ஸ் கேட்டா, "மனு போடுறது யாரு? ரசீது எண் எங்க?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா பணத்தை எடுக்காதீங்க.